நானும் ஒரு ரசிகன்தான்!

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தோழர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் அருமைத் தம்பிமார்களே! 

“சினிமாவும் நாமும்” என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயற்குழு என்னைப் பணித்தது. இதற்கு எனக்கு என்ன தகுதி என்று யோசித்துப் பார்த்தேன். ரயில்வேயில் எழுத்தர் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படித்ததில்லை. பத்திரிகையில் விமர்சனம் எழுதியவனும் அல்ல. ஆனால் ஒரு தகுதி உண்டு. நானும் ஒரு ரசிகன்தான்!

1995ஆம் ஆண்டு பொங்கலுக்கு ‘பாட்ஷா’ வந்தது. எனக்குப் பதினைந்து வயது. மண்ணெண்ணெய்க்கென்று அம்மா தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு, படகு ஏறி எர்ணாகுளம் போய், பிளாக்கில் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவன் நான். விசிலடித்து விசிலடித்து உதடு வீங்கி வீட்டுக்கு வந்தேன். அம்மா அடிக்கவில்லை. திட்டவுமில்லை. அப்பா மறுநாள் பஜார் ரோட்டு கிட்டங்கியில் வழக்கத்தைவிட இரண்டு நடை மூட்டை அதிகமாகச் சுமந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஆகவே, ரசிகர்களுக்கு உபதேசம் செய்ய வந்த உத்தமனாக என்னை எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்களில் ஒருவன் பேசுகிறேன்.

அந்த ஓர் இரவு

இந்தத் தலைப்பு இப்போது ஏன் வந்தது? சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. கரூர் வேலுசாமிபுரத்தில் ஒரு நடிகரின் கட்சிக் கூட்டம். அவரைக் காண மணிக்கணக்கில் வெயிலில் காத்திருந்த கூட்டம், இரவு நெரிசலில் சிக்கியது. 41 பேர் மாண்டார்கள். அவர்களில் தாய்மார்கள் இருந்தார்கள். பச்சைக் குழந்தைகள் இருந்தார்கள். குற்றம் யார்மீது என்று ஒரு கட்சி மற்றொரு கட்சியைக் கைகாட்டியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அந்தத் தீர்ப்பை நான் இந்த மேடையில் எழுதப் போவதில்லை.

ஆனால் அந்த இரவு நம் தெருவில் நடந்ததை நான் அறிவேன். ஒரு தாய் விடிய விடியத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மகன் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரவு வண்டி ஏறியிருந்தான். எர்ணாகுளம்-காரைக்கால் எக்ஸ்பிரஸ் கரூர் வழியாகத்தான் போகிறது. “அண்ணே, ஊருக்கு ஒரு டிக்கெட்” என்று அவன் கேட்டபோது, அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். கரூர் என்று எழுதியிருந்த படிவத்தைப் பார்த்தும், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காதவன் நான்.

மறுநாள் மதியம் அவன் பேசினான். செருப்புப் போய்விட்டது, சட்டை கிழிந்துவிட்டது, உயிர் இருக்கிறது என்றான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்களில் அவனும் ஒருவன். தம்பி, உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்தக் கூட்டம் கூட்டப்படவில்லை. 1995இல் எனக்கு உன்னைப் போல் ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால், நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பேன்.

ரசிகன் முட்டாளா?

படித்த பெருமக்கள் சிலர் இருக்கிறார்கள். ரசிகன் என்றாலே முட்டாள், வேலைவெட்டி இல்லாதவன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நடிகனைக் ‘கூத்தாடி’ என்பார்கள். அந்தச் சொல்லில் இருப்பது சாதித் திமிர். அதை நாம் ஏற்பதற்கில்லை.

உழைப்பவன் ஏன் சினிமாவுக்குப் போகிறான்? பன்னிரண்டு மணி நேரம் மூட்டை சுமந்தவனுக்கு, வெள்ளாவி வைத்தவளுக்கு, கட்டடத்தில் சாந்துச் சட்டி தூக்கியவளுக்கு, மூன்று மணி நேரம் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. பகலெல்லாம் மலையாளத்தில் ஏச்சு வாங்கும் காதுக்குத் தாய்மொழி கிடைக்கிறது. ‘பாண்டி’ என்று அழைக்கப்பட்டவன், திரையில் தன் மொழி பேசுகிறவன் தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்க்கிறான். பிற ஊர் பிழைக்க வந்தவனுக்கு அந்த இருட்டறை கொஞ்ச நேரம் சொந்த ஊராகிவிடுகிறது. இது பசி. பசியைக் கேலி செய்கிறவன் மனிதனல்ல.

எம்.ஜி.ஆர். அந்தப் பசியை அறிந்திருந்தார். 1917இல் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தவர். பூர்வீகம் பாலக்காட்டுச் சீமை. தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வறுமையோடு வளர்ந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். நம்மைப் போலவே இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை! 1964இல் ‘படகோட்டி’, அதே ஆண்டில் ‘தொழிலாளி’, 1967இல் ‘விவசாயி’, 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’. அதுவரை ராஜாவும் ஜமீன்தாரும் நின்ற இடத்தில் ரிக்‌ஷா இழுப்பவன் நாயகனாக நின்றான். ஏழை கை தட்டினான். தட்டியதில் தவறில்லை.

அதற்கும் முன்னால் 1952இல் ‘பராசக்தி’. கலைஞர் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். அந்தக் கதையின் அண்ணன் தம்பிகள் யார்? பர்மாவில் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்கள். தங்கை மதுரையில். யுத்தத்தில் குடும்பம் சிதறுகிறது. அது நம் கதை. பிழைக்கப் போன தமிழனின் கண்ணீரிலிருந்துதான் தமிழ் சினிமாவின் பெரிய குரல் ஒன்று புறப்பட்டது.

கைதட்டிய பிறகு என்ன?

கைதட்டியதோடு நின்றோமா என்பதுதான் என் கேள்வி. திரையில் நமக்காகச் சண்டை போட்டவர், வெளியிலும் நமக்காகப் போடுவார் என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்துவிட்டோமே! அங்கேதான் கோளாறு.

எம்.ஜி.ஆர். 1977இல் முதல்வரானார். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். கோடிக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே ஆட்சியில் சாராயத்திலிருந்து வந்த வரி அரசுக்குப் பெரிய வருமானமாயிற்று என்பதையும், அந்தப் பணம் ஏழையின் மடியிலிருந்தே வந்தது என்பதையும் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் எடுத்துக்காட்டினார். ரிக்‌ஷாக்காரன் கணக்குக் கேட்கவில்லை. தன் தலைவனிடம் யாராவது கணக்குக் கேட்பார்களா? 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தபோது தீக்குளித்தவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளை யார் வளர்த்தார்கள்? யாருக்காவது தெரியுமா?

என் தலைவருக்கு வருகிறேன். 1996 தேர்தலில் ரஜினிகாந்த் குரல் கொடுத்தார். அன்று முதல் காத்திருந்தேன். 2017 டிசம்பர் 31இல் “வருகிறேன்” என்றார். இந்தத் தெருவில் நான்தான் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். 2020 டிசம்பர் 29இல், உடல்நிலை காரணமாக வரவில்லை என்று அறிவித்தார். நான் அவர்மீது கோபப்படவில்லை. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்து உயர்ந்த மனிதர். அவர் உடம்பு, அவர் முடிவு. எனக்கு வந்த கோபமெல்லாம் என்மீதுதான். இருபத்து நான்கு வருடம்! ஒருவர் வருவாரா மாட்டாரா என்பதைப் பேசியே என் வாலிபம் போயிற்று.

அந்த இருபத்து நான்கு வருடத்தில் நம் சந்துக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. யார் கொண்டு வந்தார்கள்? எந்த நாயகனும் வரவில்லை. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள், காலிக் குடத்தோடு மூன்று நாள் அதிகாரிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் குழி தோண்ட ஆள் வந்தது. அதற்குக் கட்அவுட் வைத்தோமா? பாலாபிஷேகம் செய்தோமா? ஒரு மாலையாவது போட்டோமா?

மட்டாஞ்சேரிப் பாடம்

தம்பிமார்களே, நீங்கள் குடியிருக்கும் மண் எப்படிப்பட்ட மண் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்தது. விடியுமுன் தொழிலாளிகள் கூடி நிற்பார்கள். கங்காணி உயரத்தில் நின்று உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அடித்துப் பிடித்து, மிதித்துத் தள்ளி, வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. பசித்த மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளுவதை மேலே நிற்கிறவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த அநியாயத்தை எதிர்த்து மட்டாஞ்சேரித் தொழிலாளிகள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவரை இந்த மண் இழந்தது. பின்னாளில் சாப்பா ஒழிந்தது. கே.எம்.சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி இயக்கத்தில் நிவின் பாலி நடித்த ‘துறமுகம்’ 2023இல் வெளிவந்தது. நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? நம் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த கதை!

கரூர்க் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குச் சாப்பாதான் நினைவுக்கு வந்தது. உயரத்தில் ஒரு வண்டி. மேலே ஒருவர். கீழே அடித்துப் பிடித்து நெருக்கும் கூட்டம். அன்று வீசியது வேலைக்கான வில்லை. இன்று கிடைப்பது ஒரு கையசைப்பு, ஒரு புன்சிரிப்பு. அன்று நெருக்கியவனை அடுப்பு துரத்தியது. இன்று நம்மை எது துரத்துகிறது? 2024 டிசம்பர் 4 அன்று ஐதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சியில் நடிகரைக் காணும் நெரிசலில் ஒரு தாய் இறந்தாள். 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியான இரவில், சென்னையில் லாரிமேல் ஏறி ஆடிய பையன் கீழே விழுந்து இறந்தான். ரசிகர் மன்றங்களை 2011லேயே கலைத்தவர் அந்தப் படத்தின் நாயகர் அஜித்குமார். தம்மைக் கடவுளே என்று கோஷமிட வேண்டாம் என்று 2024இல் அறிக்கையே விட்டார். அவரே வேண்டாம் என்கிறார். நாம் விடமாட்டேன் என்கிறோம்!

திரைக்குப் பின்னால் நம்மவர்கள்

சினிமா ஒரு தொழில் என்பதை மறந்துவிடுகிறோம். அங்கும் விளக்குத் தூக்குகிறவன் இருக்கிறான், சமையல்காரன் இருக்கிறான், தையற்காரன் இருக்கிறான். நாயகன் பறக்கிறான் என்று கைதட்டுகிறோமே, விழுகிறவன் வேறொருவன். 2020 பிப்ரவரியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம், கார் கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். இவர்களுக்கு எந்த ஊரில் பேனர் வைத்தோம்?

கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு, மலையாளப் படவுலகில் பெண்கள் படும் பாட்டை விசாரித்து 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டு 19இல். நாலரை ஆண்டுக்கு மேல் அலமாரியில் உறங்கியது! படப்பிடிப்பு இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற அறை இல்லை என்றெல்லாம் அதில் இருக்கிறது. கட்டட வேலைக்குப் போகும் நம் பெண்கள் சொல்லும் அதே குறை. கூலிக்கு வரும் துணை நடிகையும் சித்தாளும் ஒரே வர்க்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு பெண்ணைச் சொல்ல வேண்டும். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ பேசாப் படம். எடுத்தவர் ஜே.சி.டானியேல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நாயகியாக நடித்தவர் பி.கே.ரோசி என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண். நாயர் பெண்ணாக வேடமிட்டாள் என்பதற்காகச் சாதி வெறியர்கள் அவளை விரட்டினார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவள் லாரி ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பிப் போய், தான் நடிகை என்பதையே சொல்லாமல் வாழ்ந்து முடித்தாள். நாம் பிழைக்க இங்கே வந்தோம். அவள் பிழைக்க அங்கே போனாள். கேரளத்தின் முதல் கதாநாயகிக்கு ஒரு ரசிகர் மன்றம்கூட இல்லை.

பெட்டிக்குள் வந்த உலகம்

தாய்மார்களே, தொலைக்காட்சியையும் விட்டுவைக்க மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தூரதர்ஷன் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ என்றால் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே உட்காரும் என்று தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்வார்கள். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. டிஷ் வைத்த பிறகு நம் வீட்டிலும் நாள் முழுக்கத் தமிழ் கேட்டது. அது பெரிய ஆறுதல். பிள்ளைகள் தமிழ் மறக்காமல் இருப்பதற்கு அந்தப் பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் சீரியலில் வரும் பெண்களைப் பாருங்கள். நகையோடு தூங்குகிறார்கள், நகையோடு எழுகிறார்கள். யாரும் வேலைக்குப் போவதில்லை. மாமியாருக்கு விஷம் வைப்பது எப்படி என்று ஆறு மாதம் யோசிக்கிறார்கள். இடையில் விளம்பரம்: இதைப் பூசினால் வெளுப்பாய், இதை வாங்கினால் மதிப்பு வரும். வெயிலில் உழைத்துக் கறுத்த நம் பெண்ணுக்குத் தன் நிறத்தின்மேலேயே வெறுப்பு வருகிறது.

பிக் பாஸ் தமிழில் 2017இல் வந்தது, மலையாளத்தில் 2018இல். யாரை வெளியேற்றுவது என்று நாம் ஓட்டுப் போடுகிறோம். தவறாமல் போடுகிறோம். 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியதே, அப்போது சங்க அலுவலகத்தில் படிவத்தை வைத்துக்கொண்டு நாங்கள் வீடு வீடாகக் கூப்பிட வேண்டியிருந்தது. பிக் பாஸ் வீட்டிலிருந்து யார் வெளியேறினார் என்பது தெரியும். வாக்காளர் பட்டியலிலிருந்து நம் பெயர் வெளியேறினால் தெரியாது! வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017இல் ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரச் சொல்லி எத்தனை முறை இந்தப் பத்திரிகையில் எழுதினோம்?

என்ன செய்யலாம்?

சினிமா பார்க்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். அடுத்த ரஜினி படத்துக்கு முதல் வாரமே போகிறவன் நான். குடும்பத்தோடு போங்கள். விசிலடியுங்கள். அதற்குமேல் நான்கு வேண்டுகோள்.

ஒன்று: டிக்கெட்டுக்கு உள்ள விலையைக் கொடுங்கள். பிளாக்கிலும் கட்அவுட்டிலும் போகும் பணம் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கும் விறகு.

இரண்டு: எந்த நட்சத்திரக் கூட்டத்துக்கும், முதல் காட்சி நெரிசலுக்கும் கைக்குழந்தையை, கர்ப்பிணியைக் கொண்டுபோகாதீர்கள். போகிற தம்பிகள் போகும் இடத்தை வீட்டில் உண்மையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். இனி டிக்கெட் கேட்டால் நானும் எங்கே, எதற்கு என்று கேட்பேன்.

மூன்று: ரசிகர் மன்றம் நடத்தத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும். ஆள் திரட்ட, வசூல் செய்ய, இரவோடிரவாகச் சுவரொட்டி ஒட்ட, ரத்த தானத்துக்கு வரிசையில் நிற்க. இதைவிட நல்ல சங்க ஊழியன் எங்கே கிடைப்பான்? தம்பிகளே, அந்தத் திறமையில் பாதியை உங்கள் நாயகருக்குக் கொடுங்கள். பாதியை உங்கள் தெருவுக்குக் கொடுங்கள்.

நான்கு: மாதம் ஒரு ஞாயிறு மாலை நமது வாசகசாலையில் படம் போடுவோம். ‘பராசக்தி’ முதலில். பிறகு சென்னைத் துணிக்கடைகளில் நம் தென்மாவட்டப் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொன்ன ‘அங்காடித் தெரு’ (2010). தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டவர்களின் ‘பரதேசி’ (2013). தேனி மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலத்துக்காக ஏங்கியவனின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). நம் மட்டாஞ்சேரியின் ‘துறமுகம்’. அக்கம்பக்கத்து மலையாளி நண்பர்களையும் அழைப்போம். மஞ்ஞும்மல் பையன்களில் ஒருவன் கொடைக்கானல் குகையில் விழுந்த கதை 2024இல் தமிழ்நாட்டிலேயே ஓடு ஓடென்று ஓடவில்லையா? 1991இல் வந்த ‘குணா’ படப் பாட்டுக்கு இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து அழவில்லையா? சினிமாவால் பிரிக்கவும் முடியும், சேர்க்கவும் முடியும்.

முடிக்கிறேன். அந்த இரவு வாசற்படியில் உட்கார்ந்திருந்த தாய் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். மகன் திரும்பி வந்த அன்று அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்: “என் பிள்ளை செத்திருந்தால், அந்த நடிகருக்கு அவன் பேர் தெரிந்திருக்குமா தம்பி?” என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தத் தெருவில் ஒவ்வொருவருக்கும் அவன் பேர் தெரியும். அவன் போட்ட நாற்காலியில்தான் இப்போது நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.